மதுரைக்கு மேலே அரை மணி நேரம் சுற்றிவிட்டுத் திருச்சிக்குப் போனது எரிபொருள் கஞ்சத்தனமா?

வாசகர் கேள்வி:

வணக்கம் சார். மேலூரில் மூன்று டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டுகிறேன். போன அக்டோபரில் சென்னையிலிருந்து மாலை விமானத்தில் மதுரை வந்தேன். இரண்டு பக்கமும் மூன்று மூன்று சீட் இருக்கிற விமானம். மதுரை வந்ததும் கீழே இடி, மழை என்று அரை மணி நேரம் மேலேயே சுற்றினார்கள். அப்புறம் பைலட் மைக்கில், எரிபொருள் காரணமாகத் திருச்சிக்குப் போகிறோம் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. திருச்சியில் இரண்டு மணி நேரம் உள்ளேயே உட்காரவைத்து, மதுரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்போது ராத்திரி பத்தரை. ஊரில் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து, பந்தியும் எடுத்துவிட்டார்கள். பைலட் படிப்பு படிக்கிற என் மருமகனைக் கேட்டால், "எதிர்பாராத செலவுக்கு 5 சதவீதம்தான் கூடப் போடுவாங்க மாமா, ரூலே அதான்" என்கிறான். நான் கொடைக்கானலுக்கு வண்டி அனுப்பினாலே டேங்க் நிரப்பித்தான் அனுப்புவேன். அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு 5 சதவீதமா? இது கஞ்சத்தனம் இல்லையா? இன்னொன்று, திருச்சியிலேயே என்னை இறக்கிவிட்டிருந்தால் பஸ் பிடித்து மேலூர் போயிருப்பேனே, ஏன் விடவில்லை?

பதில்:

வணக்கம் அண்ணே. உங்கள் மருமகன் சொன்னது தப்பில்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியைச் சொல்லாமல் விட்டதில்தான் உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது. நான் 26 வருடம் விமான டிஸ்பாட்சராக இருந்தவன். அப்படி ஒரு வேலை இருப்பதே பல பேருக்குத் தெரியாது. விமானம் கிளம்புவதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து எந்தப் பாதை, எந்த உயரம், காற்று எப்படி, எடை எவ்வளவு, எத்தனை கிலோ எரிபொருள் என்று கணக்குப் போட்டு ஃப்ளைட் பிளான் தயார் செய்கிற ஆள். அந்தத் தாளை கேப்டன் பார்த்து, ஒத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டால்தான் வண்டி நகரும். ஆகவே நீங்கள் திட்ட நினைத்தது பைலட்டை என்றாலும், பாதித் திட்டு என் இனத்தாருக்கும் சேரவேண்டியது.

முதலில் ஒரு விஷயம். அந்த 5 சதவீதம் மட்டும்தான் கூடுதல் என்று நினைத்துவிட்டீர்கள். இல்லை. உங்கள் சென்னை - மதுரை பயணத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று மூன்று சீட் என்றால் ஏர்பஸ் 320 மாதிரி ஒரு விமானம் என்று வைத்துக்கொள்கிறேன். எண்களைக் கொஞ்சம் உருட்டித்தான் சொல்கிறேன், நிஜத்தில் எடைக்கும் காற்றுக்கும் தக்கபடி மாறும். எரிபொருளை நாங்கள் லிட்டரில் பேசுவதில்லை, கிலோதான். சென்னையில் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதை முனை வரை உருண்டு போக ஒரு 200 கிலோ. அங்கிருந்து ஏறி, பறந்து, மதுரையில் சக்கரம் தரையைத் தொடுகிற வரைக்கும் 2,200 கிலோ, இதற்குப் பெயர் டிரிப் ஃபியூல். மதுரையில் இறங்க முடியாமல் திரும்ப மேலே ஏறித் திருச்சிக்குப் போவதென்றால் அதற்கு ஒரு 950 கிலோ, இது ஆல்டர்னேட் ஃபியூல். திருச்சிக்கு மேலே போய்ச் சேர்ந்த பிறகும் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் சுற்றுகிற அளவுக்கு ஒரு 1,150 கிலோ, இது ஃபைனல் ரிசர்வ், யாரும் கைவைக்கக் கூடாத பங்கு. இவ்வளவுக்கும் நடுவில்தான் உங்கள் மருமகன் சொன்ன கன்டிஞ்சென்சி ஃபியூல் வருகிறது. டிரிப் ஃபியூலில் 5 சதவீதம். 2,200-க்கு 5 சதவீதம் என்றால் 110 கிலோ.

ஆனால் இங்கேயே விதியில் இன்னொரு வரி இருக்கிறது, படிக்கிற பிள்ளைகள் அவசரத்தில் தாண்டிப் போகிற வரி அதுதான். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் ஆறாவது இணைப்பில் இருப்பது, நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிற டிஜிசிஏவின் விதிக்கும் அச்சு அதுதான். 5 சதவீதம் போடு, ஆனால் எந்தக் காரணம் கொண்டும் இறங்கும் ஊருக்கு மேலே 1,500 அடியில் 5 நிமிடம் சுற்றுவதற்கான அளவுக்குக் குறையாதே என்கிறது. இந்த விமானம் அப்படிச் சுற்றும்போது மணிக்கு 2,300 கிலோ குடிக்கிறது என்று வைத்தால், 5 நிமிடத்துக்கு ஏறக்குறைய 190 கிலோ. 110-ஐ விட 190 பெரியது. ஆகவே சென்னை - மதுரை மாதிரி குட்டிப் பயணத்தில் 5 சதவீதம் என்ற கணக்கே செல்லுபடியாகாது, 5 நிமிடக் கணக்குதான் ஓடும். துபாய் - மதுரை மாதிரி நாலு மணி நேரப் பயணம், டிரிப் ஃபியூலே 9,600 கிலோ என்றால், அங்கே 5 சதவீதம் 480 கிலோ வரும், அங்கேதான் சதவீதம் ஜெயிக்கும். உங்கள் மருமகனிடம் இதை ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பரீட்சையில் கட்டாயம் கேட்பார்கள்.

சரி, 5 நிமிடம் என்றால் இன்னும் மோசமாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்குத்தான் வருகிறேன். அந்த 190 கிலோ எதற்காக?

நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடமோ என்னவோ, மீனம்பாக்கத்தில் ராத்திரி ஷிஃப்ட். எந்த நிறுவனம் என்பது வேண்டாம், இப்போது அது பெயர் சொல்லித் தீரவேண்டிய விஷயமும் இல்லை. மதுரைக்கு ஒரு விமானம். டாஃப் என்று சொல்கிற விமான நிலைய முன்னறிவிப்பில் மதுரைக்கு மாலைக்கு மேல் இடையிடையே இடிமழை என்று ஒரு வரி இருந்தது. நான் அதைப் பார்க்காமல் விடவில்லை, பார்த்தேன், 'இடையிடையே' தானே என்று விட்டுவிட்டேன். வெறும் குறைந்தபட்சக் கணக்கோடு பிளானை அடித்துக் கொடுத்தேன். கேப்டன் காரைக்குடிப் பக்கத்துக்காரர், வயசாளி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்து கன்டிஞ்சென்சி வரியில் நிறுத்தினார். "மழைக்கு என்ன போட்டிருக்கீங்க?" என்றார். நான் அதே வரியைக் காட்டி, "இருக்கே சார், 190 கிலோ" என்றேன்.

"தம்பி, இது உங்க கணக்குத் தப்புக்கு வச்சது. மழைக்கு வச்சது எங்கே?"

சொல்லிவிட்டு என் பேனாவையே வாங்கி, எக்ஸ்ட்ரா என்று இருந்த இடத்தில் 900 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. ஆனால் 26 வருடத்தில் கன்டிஞ்சென்சிக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. ஐகாவோ எழுதி வைத்திருப்பதும் கிட்டத்தட்ட அதுவேதான், கொஞ்சம் மரியாதையான பாஷையில். இந்தக் குறிப்பிட்ட விமானம் புத்தகத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடக் குடிக்கலாம். முன்னறிவிப்பில் சொன்ன காற்று ஒன்று, மேலே அடித்த காற்று வேறாக இருக்கலாம். 28,000 அடி கேட்டால் ஏடிசி, அதாவது தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்கிற கட்டுப்பாட்டு அறை, 22,000 அடி கொடுக்கலாம், தாழப் பறந்தால் ஜெட் எஞ்சினுக்குப் பசி அதிகம். நேர்ப் பாதை கேட்டால் சுற்றுப் பாதை கிடைக்கலாம். அதாவது, கணக்குப் போட்டவனால் முன்கூட்டியே பார்க்க முடியாத, சின்னச் சின்னப் பிசகுகளுக்கு. மழை வரும் என்று தாளில் எழுதியிருந்தால் அது பார்க்க முடியாதது ஆகாது, அதற்குத் தனியாகப் போடவேண்டும். சென்னையில் காலை நெரிசலில் 15 நிமிடம் சுற்றவைப்பார்கள் என்று தினமும் பார்த்துத் தெரிந்திருந்தால் அதுவும் அப்படித்தான்.

இன்னொரு விஷயம், இது பயணிகளுக்கு மட்டும் இல்லை, புதுசாக வருகிற பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை. கன்டிஞ்சென்சி என்பது செலவழிப்பதற்காகவே வைப்பது. மதுரைக்கு மேலே வந்து சேரும்போது அது மிச்சம் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கிளம்புவதற்கு முன் ஓடுபாதை வரிசையில் பத்து விமானத்துக்குப் பின்னால் நின்று உருண்டதிலேயே அது தீர்ந்துபோனாலும், மீதியைத் திரும்பக் கணக்குப் பார்த்து, போதும் என்றால் கேப்டன் போகலாம். அதை எங்கள் வீட்டில் கடுகு டப்பாவில் அம்மா வைத்திருக்கிற சில்லறை மாதிரிதான் பார்க்கவேண்டும், பால்காரருக்கும் காய்கறிக்காரருக்கும் அதிலிருந்து போகும். பீரோவில் இருக்கிற பணம் வேறு.

இப்போது உங்கள் அரை மணி நேரத்துக்கு வருகிறேன். நீங்களே கணக்குப் போடுங்கள் அண்ணே. குறைந்தபட்ச எரிபொருளோடு கிளம்பியிருந்தால், வழியில் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால், மதுரைக்கு மேலே வந்தபோது மிச்சம் 190-ம் 950-ம் 1,150-ம், ஆக 2,290 கிலோ. திருச்சிக்குப் போக வேண்டிய 950-ஐயும் தொடக் கூடாத 1,150-ஐயும் கழித்தால், சுற்றுவதற்குக் கையில் இருப்பது 190 கிலோ. 5 நிமிடம். ஆனால் நீங்கள் சுற்றியது 30 நிமிடம். மீதி 25 நிமிடத்துக்கான எரிபொருள், கிட்டத்தட்ட 950 கிலோ, எங்கிருந்து வந்தது? சென்னையில் யாரோ ஒரு டிஸ்பாட்சரோ கேப்டனோ மதுரை முன்னறிவிப்பைப் படித்துவிட்டு, விதி கேட்காததை அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். அந்த வாரம் எப்படி இருந்தது என்று எனக்கும் தெரியும், அவனியாபுரத்தில் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டி மூடியைக் காற்று பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் கொண்டுபோய் மாட்டியது. நாகமலைப் பக்கம் நாலு மணிக்கே கறுத்துக்கொண்டு வந்தால் நம் ஊர்க்காரனுக்கே தெரிந்துவிடும், துணியை எடுக்க மாடிக்கு ஓடுவோம். அதைச் சென்னையில் இருந்துகொண்டு படித்த ஒருத்தர் உங்கள் விமானத்தில் 25 நிமிடம் கூடுதலாக ஏற்றியிருக்கிறார். நீங்கள் கஞ்சத்தனம் என்று நினைத்த அந்த அரை மணி நேரமே அவர் தாராளத்துக்குச் சாட்சி.

"எரிபொருள் காரணமாக" என்று மைக்கில் சொன்னதுதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. அந்த அறிவிப்பை எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். டேங்க் காலி என்று அதற்கு அர்த்தம் இல்லை. சுற்றுவதற்கென்று எடுத்துவந்தது தீர்ந்தது, இனி சுற்றினால் திருச்சிக்குப் போகும் பங்கில் கைவைக்கவேண்டும், ஆகவே இப்போதே கிளம்புகிறோம் என்று அர்த்தம். நீங்கள் திருச்சியில் இறங்கும்போதும் டேங்கில் ஆயிரம் கிலோவுக்கு மேல் இருந்திருக்கும்.

சரி, டேங்க் நிரப்பியே அனுப்பினால் என்ன? உங்கள் வேனில் 60 லிட்டர் டீசல் என்றால் ஒரு ஆள் எடைகூட வராது, கொடைக்கானல் மலையேற அது ஒரு சுமையே இல்லை. ஏர்பஸ் 320-இல் டேங்க் நிரப்பினால் 18,000 கிலோவுக்கு மேல், கிளம்பும்போதுள்ள மொத்த எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு. ஆளும் சாமானும் ஏற்றிய விமானம் 60 டன் என்றால், முழு டேங்கோடு 78 டன்னைத் தாண்டும், பல 320-களுக்குக் கிளம்பவே அனுமதி இருக்காது. எப்படியோ கிளம்பிவிட்டது என்று வையுங்கள். மதுரை வந்து சேரும்போது 76 டன். இறங்குவதற்கு அனுமதித்த எடை சுமார் 66 டன்தான். பத்து டன் கூடுதல். சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி உண்டு, 320-இல் அது கிடையாது. அவசர நிலை என்றால் கூடுதல் எடையோடும் இறங்கலாம், சாதாரண நாளில் முடியாது. அப்படியென்றால் அந்தப் பத்து டன்னை எரித்துத் தீர்க்க மதுரைக்கு மேலே நாலு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்கவேண்டும். உங்கள் அக்கா மகளுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும். இதில் மதுரை ஓடுபாதை 7,500 அடி, மழையில் நனைந்திருக்கிறது, எடை கூடக் கூட நிற்பதற்குத் தூரம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை ஏற்றினால் அந்த எடையைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். விமானத்தைப் பொறுத்து மணிக்கு 3, 4 சதவீதம் போகும். துபாயிலிருந்து தேவையில்லாமல் ஒரு டன் கூடுதலாக ஏற்றினால் மதுரை வருவதற்குள் அதில் நூறு, நூற்றைம்பது கிலோ தன்னைத் தானே சுமந்து தீர்ந்திருக்கும்.

இதற்காக நிறுவனங்கள் எல்லாம் தர்மவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மாதாமாதம் ஒரு பட்டியல் வரும். எந்தக் கேப்டன் பிளானுக்கு மேல் எத்தனை கிலோ ஏற்றினார் என்று பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். யாரும் யாரையும் ஏற்றாதே என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, கூடுதல் எரிபொருள் கேப்டனின் தனி உரிமை என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் பட்டியலில் முதல் பெயராக இருக்க யாருக்குப் பிடிக்கும்? இளசான கேப்டன்கள் இரண்டு மாதத்தில் 500 கேட்பவர்கள் 300 கேட்க ஆரம்பித்தார்கள். காரைக்குடிக்காரர் மட்டும் அந்தப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்து, எழுத்துப் பிழை இருக்கிறது என்று திருத்திவிட்டுப் போனார். என்னைக் கேட்டால், விதி கஞ்சத்தனமானது இல்லை, அந்தப் பட்டியல்தான் கஞ்சத்தனம். தெளிவான வானத்தில், காலை ஆறு மணிக்கு, பழக்கத்தினால் 1,000 கிலோ கூட்டி ஏற்றுகிற கேப்டனும் உண்டு, அவரைக் கேள்வி கேட்கலாம். கேள்வி கேட்பது வேறு, சுவரில் ஒட்டுவது வேறு.

திருச்சிக்குப் போகாமல் பிடிவாதமாக மதுரையிலேயே இறங்க முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஒரு விமானம். விடிகாலை, ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. கொச்சியில் மூன்று தடவை இறங்கப் பார்த்து மேலே ஏறினார்கள். அப்புறம் திருவனந்தபுரம் போனார்கள், அங்கேயும் பார்வை மோசம், அங்கேயும் மூன்று தடவை. ஏழாவது முயற்சியில் இறங்கியது. அதற்குள் தொடக் கூடாத அந்த 30 நிமிடப் பங்கிலும் பெரும்பகுதி போயிருந்தது. ஒவ்வொரு தடவை இறங்கப் பார்த்து மேலே ஏறும்போதும் எஞ்சின் முழு வேகத்தில் குடிக்கும், சும்மா சுற்றுவதைவிட அது பல மடங்கு. இறங்கும்போது ஃபைனல் ரிசர்வ் குறைந்துவிடும் என்று கணக்கு சொன்னால் "மேடே, மேடே, மேடே, ஃபியூல்" என்று அவசர நிலையை அறிவித்தே ஆகவேண்டும் என்பது விதி. அதற்கு ஒரு படி முன்னால் "மினிமம் ஃபியூல்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது, இனி தாமதம் ஆனால் தாங்காது என்று ஏடிசிக்குச் சொல்வது, அவசரம் என்று அர்த்தம் இல்லை. உங்கள் கேப்டன் இந்த இரண்டு வார்த்தைக்கும் பக்கத்திலேயே போகவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு பிசையும். 2016 நவம்பர் 28. பொலிவியாவிலிருந்து கொலம்பியாவின் மெதயீன் நகருக்குப் போன ஒரு வாடகை விமானம், பிரேசில் கால்பந்து அணி ஒன்றை ஏற்றிக்கொண்டு போனது. ஃப்ளைட் பிளானில் பறக்கும் நேரம் 4 மணி 22 நிமிடம் என்று எழுதியிருந்தது. எரிபொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கட்டத்திலும் 4 மணி 22 நிமிடம். கன்டிஞ்சென்சி இல்லை, ஆல்டர்னேட் இல்லை, ஃபைனல் ரிசர்வ் இல்லை. அந்தத் தாளைப் பார்த்த விமான நிலைய அலுவலர் ஒருவர் இது சரியில்லை என்று சொல்லியும் கிளம்பியது. மெதயீன் பக்கத்தில் போய் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்து மலையில் மோதியது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். கஞ்சத்தனம் என்ற வார்த்தை எரிபொருளுக்குப் பொருந்தும் என்றால் அந்தத் தாளுக்குத்தான் பொருந்தும். நான் வகுப்பு எடுக்கும்போது வேறெதுவும் சொல்லாமல் அந்த இரண்டு எண்களை மட்டும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன்.

மருமகனுக்குக் கொஞ்சம். 5 என்பது கல்லில் பொறித்தது இல்லை தம்பி. ஐரோப்பிய விதியில் வழியில் ஓர் ஊரை மாற்று நிலையமாகக் காட்டினால் 3 சதவீதத்துக்கு இறங்கலாம், ஆனால் அந்த ஊர் எங்கே வேண்டுமானாலும் இருக்கக் கூடாது. மொத்தத் தூரத்தில் 25 சதவீதம், அல்லது 20 சதவீதத்தோடு 50 கடல் மைல், இரண்டில் எது பெரியதோ அந்த அளவுக்கு இறங்கும் ஊரிலிருந்து பாதையில் பின்னால் வந்து ஒரு புள்ளி வைக்கவேண்டும். அதை மையமாக வைத்து, மொத்தத் தூரத்தில் 20 சதவீதம் ஆரமாக ஒரு வட்டம் போட்டால், ஊர் அதற்குள் விழவேண்டும். துபாய் - மதுரையை நேர்கோடாக, 1,600 கடல் மைல் என்று வைத்துப் போட்டுப் பார். மையம் 400 மைல் முன்னால் அரபிக் கடலில் விழும், ஆரம் 320, மங்களூரும் கோவாவும் உள்ளே வரும். மிச்சமாவது 190 கிலோ சொச்சம், பெட்டியோடு இரண்டு பயணி. நான் இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 5 சதவீதம் எதற்காக என்று அந்த வட்டம் சொல்லிக்கொடுக்கும்: பிசகு தெரியவருவது பயணத்தின் கடைசிப் பகுதியில்தான், அப்போது இறங்க ஓர் இடம் கைக்குப் பக்கத்தில் இருந்தால் குறைவாகச் சுமக்கலாம். அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணத்துக்குச் சதவீதமே கிடையாது, மாற்று நிலையத்துக்குப் போன பிறகும் 45 நிமிடம் பறக்க இருக்கவேண்டும், அவ்வளவுதான். வெளிநாட்டுப் பயணம் என்றால் அங்கே பறக்கும் நேரத்தில் 10 சதவீதம். நம் பரீட்சைக்கு டிஜிசிஏவின் விதியை அதன் சமீபத்திய பதிப்பில் படி, பழைய நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துப் படிக்காதே.

கடைசியாகத் திருச்சி. அண்ணே, இதில் உங்கள் கோபம் முழுக்க நியாயம். திருச்சி விமான நிலையத்திலிருந்து விராலிமலை, துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி வழியாக மேலூர் நூறு கிலோமீட்டர்தான், மதுரைக்கு முன்னாலேயே உங்கள் ஊர் வந்துவிடும். வண்டி வைத்திருக்கிற உங்களுக்கு அந்த ரோடு தூக்கத்திலும் தெரியும். ஆனால் நீங்கள் பெட்டியை உள்ளே போட்டிருந்தால், ஆள் இல்லாமல் அந்தப் பெட்டி பறக்கக் கூடாது. 180 பெட்டிக்குள் அந்த ஒன்றைத் தேடி எடுக்கவேண்டும், எடைக் கணக்கு எழுதிய லோட் ஷீட்டைத் திருத்தவேண்டும், அதற்குள் மதுரையில் மழை விட்டு ஏடிசி கிளம்பலாம் என்றால் மற்ற எல்லோரும் உங்களால் காத்திருக்கவேண்டும். மழை நாளில் உங்களோடு இன்னும் இரண்டு விமானம் அங்கே வந்து நின்றிருந்தால் எரிபொருள் லாரிக்கே வரிசை. இதில் விமானிகளின் பணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும், அது முடிந்துவிட்டால் ராத்திரி திருச்சியிலேயேதான். திருச்சி - மதுரைக்கும் புதுசாக ஒரு ஃப்ளைட் பிளான், புதுசாக ஒரு கையெழுத்து. டிரிப் ஃபியூல் ஆயிரம் கிலோவுக்குப் பக்கம், 5 சதவீதம் வெறும் 50 கிலோ, ஆகவே அங்கேயும் அந்த 5 நிமிடக் கணக்கேதான், கூடவே மதுரைக்கு மறுபடி ஒரு மாற்று ஊர்.

கையில் ஒரு பை மட்டும் என்றால் சில நிறுவனங்கள் கேட்டால் இறக்கிவிடுவது உண்டு, கேப்டனும் தரைப் பணியாளரும் ஒத்துக்கொள்ளவேண்டும், மதுரை வரைக்கும் கட்டிய டிக்கெட் காசு திரும்பாது. கதவு திறந்து ஏணி வைத்த உடனே பணிப்பெண்ணிடம் கேளுங்கள், எரிபொருள் போட்டு முடித்த பிறகு கேட்டால் நடக்காது. ஆவணியிலிருந்து ஐப்பசி வரை ஊரில் மாலை விசேஷம் இருந்தால் காலை விமானத்துக்கு டிக்கெட் போடுங்கள், நான் என் வீட்டுக்கும் அப்படித்தான் போடுகிறேன்.